கேஸ் அடுப்பிலிருந்து ஏசி வரை: மேனோமீட்டர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

வாசகர் கேள்வி – பதில்

வாயுவின் அழுத்தத்தை அளக்கும் கருவியான டிஜிட்டல் மேனோமீட்டர் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைத்துவிடுவதால், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து அதைப் பற்றிய கேள்விகள் இம்முறை நிறைய வந்துள்ளன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் சில மாதங்களாகத் தீ சிறுத்து, சிவந்து எரிகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன் ஒரு டிஜிட்டல் மேனோமீட்டர் வாங்கி வந்திருக்கிறான். அதை வைத்து ரெகுலேட்டர் கெட்டுவிட்டதா என்று நாங்களே பார்த்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: கரி பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ரெகுலேட்டரை அல்ல, பர்னரைத்தான். கேஸ் ஜெட்டிலிருந்து, அதாவது நுண்துளையுள்ள பித்தளை முனையிலிருந்து, வேகமாக வெளிவரும்போது பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னர் குழலுக்குள் போகிறது. அந்தக் காற்று குறைந்தால் தீ நீலம் இழந்து மஞ்சளாகவும் சிவப்பாகவும் எரியும், கரியும் படியும். பொங்கி வழிந்த கஞ்சி, குழலுக்குள் கூடு கட்டிய பூச்சி, உப்புக்காற்றில் பூத்த பச்சைக் களிம்பு ஆகிய மூன்றும் கடலோர வீடுகளில் காற்று வழியை அடைப்பவை. சிலிண்டரை மூடி, பர்னர் ஆறிய பிறகு, அதைக் கழற்றிக் கழுவி, துளைகளை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர்த்தி மாட்டிப் பாருங்கள். ஜெட்டின் துளையில் மட்டும் ஊசியை விட்டுக் குடையாதீர்கள். துளை இம்மியளவு பெரிதானாலும் கேஸின் அளவு மாறிவிடும்.

அதற்குப் பிறகும் தீ சரியாகவில்லை என்றால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டியதுதான். மேனோமீட்டர் காட்டுவது இரண்டு இடங்களுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டை. அதிலுள்ள இரண்டு முனைகளில் ஒன்றில் கேஸ் வரும் குழாயை மாட்டி, மற்றதைத் திறந்தே விட்டால், வெளிக்காற்றைவிட கேஸ் எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறது என்பது தெரியும். நம் நாட்டு வீட்டு உபயோக கேஸ் அடுப்புகள் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற அழுத்தத்துக்காகவே செய்யப்படுகின்றன; ஐ.எஸ். 4246 என்ற இந்தியத் தர விதி அதையே அடிப்படையாகக் கொள்கிறது. இது நீர் உயரத்தில் (அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தில்) 300 மில்லிமீட்டர், கிலோபாஸ்கலில் 2.94, மில்லிபாரில் 29.4, அங்குல நீர் உயரத்தில் 11.8. கருவியில் எந்த அலகு தெரிகிறது என்று பார்த்து, அதற்குரிய எண்ணோடு ஒப்பிட வேண்டும். யூடியூபில் வரும் அமெரிக்க வீடியோக்களில் இயற்கை எரிவாயு உலைக்கு 3.5 அங்குலம் என்று சொல்வார்கள். அது அந்த நாட்டின் வேறு வாயுவுக்கும் வேறு உபகரணத்துக்கும் உரிய கணக்கு. நம் அடுப்புக்கு அதை எடுத்துக்கொண்டால் நல்ல ரெகுலேட்டரையே கெட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவோம்.

ஆனாலும், அளக்கும் வேலையை நீங்களோ மகனோ செய்ய வேண்டாம். கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கை வரவழைத்து, அருகில் நின்று எண்ணைப் பாருங்கள். நம் அடுப்புகளில் அழுத்தம் அளப்பதற்கென்று தனி முனை கிடையாது. ஹோஸை வெட்டி இடையில் டி-இணைப்பு (மூன்று வாயுள்ள இணைப்பு) போடுவது ஒருபோதும் கூடாது. பழகிய மெக்கானிக் ஒரு பர்னரைக் கழற்றி, வெளியே தெரியும் பித்தளை ஜெட்டின் மேல் சிலிக்கான் குழாயை இறுக்கமாகச் செருகி, சோப்பு நீரால் அந்த இணைப்பைச் சோதித்த பிறகே அளப்பார். எல்லா அடுப்பும் அணைந்திருக்கும்போது எண் 300-க்குச் சற்று மேலே நிற்பது இயல்பு. மற்ற பர்னரை முழுதாக எரியவிட்டால் அது சிறிது இறங்கி நிலைக்க வேண்டும். வெகுவாக இறங்கினால் ஹோஸ் நசுங்கியிருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் தளர்ந்திருக்கலாம். இறங்காமல் நன்றாகவே நிற்கிறது, தீ மட்டும் சிறுத்திருக்கிறது என்றால் குற்றம் ஜெட்டிலோ பர்னரிலோ இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், ரெகுலேட்டரின் உள்வால்வு கேஸைக் கசியவிடுகிறது என்று பொருள். அந்த ரெகுலேட்டரை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும் பொருளல்ல அது.

மகனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிலிண்டரின் வாயில் இந்தக் கருவியை நேரடியாக மாட்டவே கூடாது. நம் வெயிலில் சிலிண்டருக்குள் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோ அளவிலும் அதற்கு மேலுமான அழுத்தம். கருவி தாங்குவதோ சில நூறு கிராம். கருவி உடைவதோடு கேஸும் அறைக்குள் பீறிட்டு வரும்.

கேள்வி: விலை குறைந்த கருவி சரியாகத்தான் காட்டுகிறதா என்று சோதிக்க லேப் எதற்கும் அனுப்ப எனக்கு வசதியில்லை. வீட்டிலேயே வழி உண்டா? உப்புக்காற்றில் இந்தக் கருவி எத்தனை நாள் தாங்கும்?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: வழி உண்டு, நம்பகமான வழியும்கூட. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயில் இரண்டு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ஆங்கில யு எழுத்து வடிவில் ஆணியடித்துக் கட்டி, பாதி உயரம் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு நீல மை விட்டுக்கொள்ளுங்கள். குழாயின் ஒரு வாயைத் திறந்தே விடுங்கள். மற்றொரு வாயில், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் டி-இணைப்பை மாட்டி, அதன் ஒரு கிளையில் மேனோமீட்டரையும் இன்னொன்றில் மருந்துக்கடை சிரிஞ்சையும் பொருத்துங்கள். சிரிஞ்சை மெல்ல அழுத்தினால் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் இடையிலான செங்குத்து உயரம் 300 மில்லிமீட்டர் ஆகும்போது கருவி 2.94 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 200-இல் 1.96, 100-இல் 0.98. அழுத்தியதும் காற்று சற்றுச் சூடாகி எண் துள்ளும்; அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்து நிற்கும். இரு பக்கமும் குழிவின் அடியிலிருந்தே அளக்க வேண்டும்.

தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. அதை ஊற்றினால் 300 மில்லிமீட்டருக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் பிசகும். நம் பக்கத்து உவர்க் கிணற்று நீரால் அவ்வளவு பிசகு வராது என்றாலும், கேன் தண்ணீர் வீட்டிலேயே இருக்கும்போது அதையே ஊற்றிவிடலாம்.

சோதனை முடிந்ததும் குழாய்களைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளும் திறந்த நிலையில் கருவி பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். வாங்கும்போது சரியாக இருப்பது பெரிய காரியமல்ல. அழுத்தம் போய்விட்ட பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பாத கருவியே நம்மை ஏமாற்றும். ஒவ்வொரு முறையும் கருவியை இயக்கிச் சில நிமிடம் விட்டு, எந்த நிலையில் பிடித்து அளக்கப் போகிறோமோ அதே நிலையில் வைத்துப் பூஜ்யப் பொத்தானை அழுத்துவது நல்லது.

உப்புக்காற்றைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஈரமே பகை. வேலை முடிந்ததும் முனைகளுக்கு மூடி போட்டு, பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகா டப்பாவில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். தண்ணீர்க் குழாயுடன் சோதிக்கும்போது தண்ணீர் கருவிக்குள் ஏறிவிடாதபடி, கருவியை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே வையுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் சிறிய விடுதி நடத்துகிறேன். கீழே இருக்கும் சிலிண்டர் அறையிலிருந்து மொட்டை மாடிச் சமையலறைக்கு இரும்புக் குழாய் போகிறது. மெக்கானிக் ஒருவர் காலை பத்து மணிக்குக் குழாயை அடைத்து மேனோமீட்டர் வைத்துப் பார்த்தபோது எண் ஏறியது; “கசிவே இல்லை” என்றார். இன்னொருவர் மாலை நான்கு மணிக்குப் பார்த்தபோது இறங்கியது. “கசிகிறது, குழாயை மாற்ற வேண்டும்” என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: ஐயா, இருவர் சொல்வதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். இருவரும் பார்த்தது கசிவை அல்ல, வெயிலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடைக்கப்பட்ட குழாய்க்குள் இருக்கும் வாயு, சூடானால் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கருவி 300 மில்லிமீட்டர் என்று காட்டினாலும், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் குழாய்க்குள் இருக்கும் முழு அழுத்தம் ஏறக்குறைய 10,630 மில்லிமீட்டர் நீர் உயரம். வாயுவின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் இந்த முழு அழுத்தத்தில் முந்நூற்று மூன்றில் ஒரு பங்கு மாறும். அதாவது 35 மில்லிமீட்டர். ஒரே ஒரு டிகிரிக்கு 35! மொட்டை மாடி இரும்புக் குழாய் காலை வெயிலில் பத்து டிகிரி ஏறினால் எண் இரட்டிப்பாகிவிடும். அந்த ஏற்றத்துக்கு அடியில் உண்மையான கசிவு ஒன்று மறைந்திருந்தாலும் தெரியாது. பிற்பகலில் கடற்காற்று வீசிக் குழாய் குளிரத் தொடங்கியதும், ஒரு சொட்டுக்கூடக் கசியாத குழாயிலும் எண் இறங்கும். அதைப் பார்த்துவிட்டுக் குழாயையே மாற்றச் சொல்வது உங்களுக்கு வீண் செலவு. காலையில் எண் ஏறியதைப் பார்த்துக் கசிவில்லை என்று விட்டுவிடுவது அதைவிடக் கேடு.

ஆகவே சோதனையை விடியற்காலையில், வெயில் குழாயில் விழுவதற்கு முன், சமையல் தொடங்காத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக் குமிழ்கள் எல்லாவற்றையும் மூடி, குழாயில் கேஸை நிரப்பி, பிறகு சிலிண்டர் பக்கத்து வால்வையும் மூடிவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். வால்வு திறந்திருந்தால், கசிந்து போகும் கேஸுக்கு ஈடாக ரெகுலேட்டர் புதிய கேஸை அனுப்பிக்கொண்டே இருக்கும். எண் அசையவே அசையாது. வால்வை மூடியபின் சில நிமிடம் நிலைக்க விட்டு, எண்ணையும், குழாயோடு சேர்த்து ஒட்டிய தெர்மாமீட்டரின் அளவையும் குறித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்து இரண்டையும் மறுபடி பாருங்கள். வெப்பம் மாறாமல் எண் மட்டும் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. வெப்பமும் மாறியிருந்தால், டிகிரிக்கு 35 என்ற கணக்கில் கழித்துப் பார்க்க வேண்டும். இரவு முழுதும் விட்டுக் காலையில் பார்க்கலாமே என்று நினைக்கத் தோன்றும், அது சரிவராது. வெளிக்காற்றின் அழுத்தமே நம் பகுதியில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. முற்பகல் பத்து மணி வாக்கில் இருக்கும் உச்சத்துக்கும் மாலை நான்கு மணி வாக்கில் வரும் தாழ்வுக்கும் இடையில் முப்பது, நாற்பது மில்லிமீட்டர் நீர் உயரம் வேறுபடும். புயல் சின்னம் கடலில் இருக்கும் நாள்களில் இன்னும் அதிகம். சோதனை நேரம் சுருக்கமாக இருந்தால் இவையெல்லாம் குறுக்கிடமாட்டா.

இந்தச் சோதனை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு. அரை அங்குலக் குழாய் பத்து மீட்டர் இருந்தால் அதற்குள் அடங்குவது இரண்டு லிட்டருக்கும் குறைவான வாயு. அதிலிருந்து ஐந்து மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, வெளியேறினாலே எண் 30 மில்லிமீட்டர் இறங்கிவிடும். வீட்டு அடுப்பின் ஒன்றரை மீட்டர் ஹோஸில் என்றால் கால் மில்லிலிட்டர்கூட வேண்டியதில்லை. மூக்குக்கும் சோப்பு நீருக்கும் எட்டாத கசிவு இதற்கு எட்டும். அதனாலேயே, மேனோமீட்டரை மாட்டியிருக்கும் உங்கள் சொந்த இணைப்பு கசிந்தாலும் பழி குழாயின் மேல் விழும். முதலில் கருவிக்குப் போகும் ரப்பர்க் குழாயை மடக்கிக் கிளிப் போட்டு, கருவி தன்னளவில் அழுத்தத்தைப் பிடித்து நிற்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கசிவு உண்டு என்று உறுதியானால், எங்கே என்பதைக் கருவி சொல்லாது. அதற்குச் சோப்பு நீர்தான். நடுவில் வால்வுகள் இருந்தால் குழாயைப் பகுதி பகுதியாக அடைத்துச் சோதித்து இடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். நம் ஊரில் பெரும்பாலும் சுவரைத் தொட்டுப் போகும் கிளாம்பின் அடியிலும், மரையிட்ட முட்டிகளிலும் துரு தின்றிருக்கும். பெயின்ட் மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் சுரண்டிப் பாருங்கள். சோதித்தபின் சோப்பு நீரைத் துடைத்து நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறேன் என்று யார் வந்தாலும் மாடிப்படியிலேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நான் ஏசி மெக்கானிக். கல்யாண மண்டபங்களில் டக்ட் ஏசி (பெரிய காற்றுக்குழாய் வழியே குளிர்காற்றை அனுப்பும் ஏசி) வேலை அதிகம் வருகிறது. 2 பி.எஸ்.ஐ. அளவுள்ள டிஜிட்டல் மேனோமீட்டர் வாங்கினேன். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் எண் நிலையாக நிற்பதில்லை. கருவி பழுதா?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: கருவி பழுதாக இருக்காது, தம்பி, இந்த வேலைக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். இத்தகைய கருவிகளின் துல்லியத்தை, அளக்கும் எண்ணுக்கு அல்ல, முழு அளவுக்கு இத்தனை சதவீதம் என்றே குறிப்பிடுவார்கள். 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு) என்பது சுமார் 13,790 பாஸ்கல். துல்லியம் 0.3 சதவீதம் என்று பெட்டியில் போட்டிருந்தால், எந்த எண்ணிலும் 41 பாஸ்கல் வரை மேலேயோ கீழேயோ பிசகலாம் என்று அர்த்தம். கேஸ் அடுப்பின் 2,940 பாஸ்கலில் 41 பிசகினால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. ஃபில்டரின் குறுக்கே கிடைப்பதோ சில பத்துப் பாஸ்கல்தான். பிசகே அளவை விழுங்கிவிடும். மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காய் நிறுப்பது போன்றது இது. டக்ட் வேலைக்கு 500 பாஸ்கல் அளவில் முழு வீச்சு உள்ள கருவியைத் தனியாக வாங்குங்கள். ஒரே கருவியில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால், துல்லியக் கணக்கை மேலே சொன்னபடி போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சரியான கருவி கிடைத்தபின், ஃபில்டரைக் கழுவி மாட்டிய அன்றைக்கே வேறுபாட்டை அளந்து, யூனிட்டின் மேலேயே மார்க்கரில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த எண் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதுதான் ஃபில்டர் அடைத்த கதையைச் சொல்லும். அதுபோல, காற்று உள்ளே வரும் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் இடையே அளக்கும் மொத்த வேறுபாட்டை, தயாரிப்பாளர் அந்த யூனிட்டுக்குக் குறிப்பிட்ட வெளி அழுத்த அளவோடு ஒப்பிட்டால், குளிர் போதவில்லை என்ற புகாருக்குக் காரணம் டக்டா, ஏசிக்குள் இருக்கும் குளிர்வாயுவான கேஸ் குறைவா என்பது பாதி விளங்கிவிடும். டக்ட் நெருக்கடியால் காற்று குறைந்திருக்கும்போது கேஸை ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணம் கொடுப்பது மண்டபக்காரர், சாவது கம்ப்ரஸர்.

எண் ஆடுவதற்கு நம் கடற்காற்றும் ஒரு காரணம். கச்சான் காற்று மணிக்கு 36 கிலோமீட்டரில் வீசினால், அதற்கு எதிர்முகமாகத் திறந்திருக்கும் முனையில் 60 பாஸ்கல் அழுத்தும். பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தைப் பார்த்தே ரயில் விடுகிற பகுதி இது. மாடியில் அளக்கும்போது திறந்த முனையிலும் ஒரு குழாயை மாட்டி, காற்று படாத இடத்தில் அதன் வாயை வையுங்கள்.

ஏசியின் குளிர்வாயுக் குழாயில் இதை மாட்டும் எண்ணம் வேண்டாம். ஆர்-32 வாயு, மிஷின் நின்றிருக்கும்போதே 35 டிகிரி வெயிலில் 300 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். அதற்கு உயர் அழுத்தம் தாங்கும் கேஜ் செட்தான். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசிக்கு மேனோமீட்டரால் சொல்லத்தக்க பயன் எதுவும் இல்லை.

கேள்வி: மேனோமீட்டர் வீட்டில் இருந்தால், கேஸ் கசிவு அலாரம் தனியாகத் தேவையா? குளியலறை கேஸ் கீசரையும் இதை வைத்துச் சோதிக்கலாமா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: அலாரம் தேவைதான். மேனோமீட்டர் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டும் அறியும். அறைக்குள் பரவிய கேஸை அதனால் அறிய முடியாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும்; ஆகவே அலாரத்தைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். வாடை வந்தால் கருவியைத் தேடாதீர்கள். சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்; எந்த நேரமும் எடுப்பார்கள்.

கீசரைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கவே கூடாது. மூடிய அறையில் எரியும்போது அது கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேஸின் அழுத்தம் மிகச் சரியாக 300 காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பவர் மயங்கி விழ முடியும். கீசரைச் சுவருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவில் குழாய்வழி எரிவாயு இணைப்பு தருவதாகச் சொல்கிறார்கள். அதற்கும் இதே 300 தானா? பழைய அடுப்பையே வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: இல்லை. வழுதூர் மின் நிலையத்தை இயக்குவதும் குழாயில் வீட்டுக்கு வருவதும் இயற்கை எரிவாயு. அதன் வீட்டு அழுத்தம் 21 மில்லிபார், அதாவது சுமார் 214 மில்லிமீட்டர் நீர் உயரம். ஒரே அளவு வாயுவில் அது தரும் வெப்பமும் சிலிண்டர் கேஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும். இணைப்பு தருபவர்களே ஜெட்டை மாற்றித் தருவதுண்டு. மாற்றியபின் அந்த அடுப்பை மறுபடி சிலிண்டரில் மாட்டினால் தீ கட்டுக்கடங்காமல் எழும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போய்த் தங்கும். ஆகவே அலாரத்தைத் தரையிலிருந்து கழற்றிக் கூரைக்கு அருகே மாற்ற வேண்டியிருக்கும். அது இயற்கை எரிவாயுவையும் உணரக்கூடிய வகைதானா என்பதை அதன் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.